அரைச் சுற்று

வண்டிக்குக் கீழே எண்ணெய் சொட்டுகிற இடத்தை வைத்து அது ஒழுகுகிற இடத்தைச் சொல்லிவிட முடியாது, சார். பலரும் செய்கிற தவறு அது. மேலே எங்கோ கசியும். அங்கிருந்து எஞ்சின் உடம்பெல்லாம் ஊர்ந்து, வண்டி ஓடும்போது காற்றில் பின்பக்கம் தள்ளப்பட்டு, கடைசியில் எது தாழ்வான இடமோ அங்கே வந்து சொட்டும். உங்கள் நிபுணர் எழுதிய அறிக்கையைப் படித்தேன். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. குறை சொல்ல வரவில்லை. அவரும் பாவம், எரிந்து கரியான எஞ்சினைப் பார்த்துத்தானே எழுத வேண்டியிருந்தது.

நான் என் தங்கைக்காக வந்திருக்கிறேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு டீச்சரின் கார் மலைப்பாதையில் எரிந்து, அவர் உள்ளேயே இறந்துபோன வழக்கில் நீங்கள் கைது செய்தது என் தங்கையின் கணவரை. என் ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை செய்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து என் தங்கை என் வீட்டு ஹாலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு அண்ணன் அதை எத்தனை நாள் பார்க்க முடியும்? நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்டால் வரிசை கெட்டுவிடும், தயவுசெய்து கடைசியில் கேளுங்கள்.

என்னை வெளியே எல்லோரும் 'மூக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரியது என்பதால் இல்லை. ஒழுகுகிற எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தே அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவேன். கியர் ஆயில் ஒரு மாதிரி கமறும். பிரேக் ஆயிலுக்கு ஒரு தித்திப்பு இருக்கும். எஞ்சின் ஆயிலிலேயே சூடான இடத்தைத் தொட்டு வந்ததற்கும் தொடாமல் வந்ததற்கும் வித்தியாசம் உண்டு. மற்ற ஒர்க்‌ஷாப்காரர்கள் தலைகீழாக நின்றும் முடியாத வண்டிகளை, "மூக்குகிட்ட கொண்டு போங்க" என்று அனுப்பி வைப்பார்கள். இருபத்தெட்டு வருடம் அப்படித்தான். எனக்கு வேறு திறமை கிடையாது. பாட வராது, நாலு பேர் சிரிக்கிற மாதிரி பேச வராது. கல்யாண வீட்டுக்குப் போனால் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள். ஆனால் ஒழுகுகிற வண்டி ஒன்று வந்து நின்றால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நான் என்ன சொல்கிறேன் என்று பார்ப்பார்கள். அது போதும் என்று இருந்தேன்.

மாப்பிள்ளை நேர் எதிர். அவர் வாய் ஓயாது, அதனால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். பேச ஆள் இல்லாவிட்டால் விசில். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது நான்தான் அவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டேன். ஏழு வருடமாக ஒரு நாள்கூட மரியாதை குறைவாக நான் அவரிடம் பேசியதில்லை. வாங்க, போங்க, சாப்டீங்களா என்றுதான். என் தங்கையையே கேட்டுப் பாருங்கள்.

கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றவர். கார் அவருடைய கணவருடையது, இருபத்தாறு வயதான கார். கணவர் போன பிறகு அவரே ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் தடவை வந்தபோது கையில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்த அட்டையை எடுத்து வந்தார். இரவு வண்டிக்கு அடியில் வைத்த அட்டை. ஒவ்வொரு சொட்டையும் பென்சிலால் வட்டம் போட்டு, எண் போட்டு, மூலையில் தேதி எழுதியிருந்தார்.

"மொத்தம் ஒன்பது சொட்டு. இது பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு. அதனால பத்துன்னு வெச்சுக்கலாம்" என்றார்.

எனக்கு அன்றே எரிச்சல்தான். நோயாளி தன் ஜுரத்தைத் தானே அளந்து மருத்துவரிடம் கொண்டுவந்து கொடுத்தால் எப்படி இருக்கும்? அட்டையை வாங்கி ஓரமாக வைத்தேன். எஞ்சினைக் கழுவினேன். காயவைத்தேன். முகத்துக்குப் போடுகிற பவுடரை அதன்மேல் தூவினேன். இது எங்கள் வழக்கம். பவுடர் வெள்ளையாக இருக்கும், கசிகிற இடம் மட்டும் நனைந்து கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

"அடடா, என் கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு பவுடர் போடல" என்றார் டீச்சர். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். வால்வு கவர் ஓரம் கறுத்திருந்தது. வால்வு கவர் என்பது எஞ்சினின் தலைக்கு மேல் இருக்கிற மூடி. மூடிக்கும் தலைக்கும் நடுவில் ரப்பர் பேக்கிங் இருக்கும். பழசானால் அது காய்ந்து வெடித்துவிடும். அதைத்தான் மாற்றினேன். மாற்றிய விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பேக்கிங்கின் துணுக்கு ஒன்றுகூட மிச்சமில்லாமல் சுரண்டினேன். கீறல் விழக் கூடாது என்று இரும்புக்குப் பதில் மரத்துண்டால் சுரண்டினேன். துணியால் மூன்று தடவை துடைத்தேன். மூடியைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, கோணல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பத்து போல்ட். நடுவிலிருந்து ஆரம்பித்து, இடம் வலம் மாறி மாறி வெளியே போக வேண்டும். முதலில் விரலால், பிறகு லேசாக, பிறகு முழு இறுக்கம். ஒரே மூச்சில் இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை.

மூன்று வாரம் சொட்டு இல்லை. நாலாவது வாரம் டீச்சர் அடுத்த அட்டையோடு வந்தார். ஆறு சொட்டு.

இந்தத் தடவை கீழே எண்ணெய்த் தொட்டியின் பேக்கிங். மேலே நான் போட்டது காய்ந்த எலும்பாக இருந்தது, ஒரு துளி ஈரம் இல்லை. தொட்டியை இறக்கி அதை மாற்றினேன். ஒரு மாதம் கழித்து முன்பக்கம் சுழல்கிற தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கிற வளையம், சீல் என்போம். மாற்றினேன். பிறகு பின்பக்க சீல். அதற்கு கியர்பாக்ஸையே கழற்றி இறக்க வேண்டும், மூன்று நாள் முதுகு நிமிரவில்லை. நான்கும் உண்மையாகவே கெட்டுப்போயிருந்தன, சார். ஒன்றைக்கூட நான் சும்மா மாற்றவில்லை. ஆனால் ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு இடத்தில் ஒழுகியது. ஐந்து மாதம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். எண்ணெயைத் தொட்டேன், முகர்ந்தேன், சாப்பிடும்போதும் அந்த வாசனைதான். வீட்டில் குழாய் சொட்டினால்கூட எனக்குக் கோபம் வந்தது.

டீச்சர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவர் கோபப்படவே இல்லை. "விடுங்க தம்பி, எனக்கும் முட்டி, இடுப்பு, தோள்னு மாறி மாறித்தான் வலிக்குது. டாக்டரும் ஒவ்வொண்ணாத்தான் பாக்கறாரு" என்பார். நாலு அட்டையையும் பெஞ்சில் வரிசையாகப் பரப்பி, விடைத்தாள் திருத்துகிற மாதிரி குனிந்து பார்ப்பார். "முன்னைக்கு இப்ப முன்னேற்றம் இருக்கு. முப்பத்தஞ்சு மார்க் போடலாம். ஜஸ்ட் பாஸ்" என்றார் ஒரு நாள். பக்கத்தில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

ஐந்தாவது தடவை நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வேறு வேலையாகப் போனவர், விசில் அடித்துக்கொண்டே வந்து நின்றார். சும்மா போகிற போக்கில் எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகித் திறந்தார்.

"மச்சான், கொஞ்சம் வெளிய வாங்க. மூடி குதிக்குது" என்றார்.

வெளியே வந்தேன். மூடி துளையின் மேல் தட்தட்டென்று எகிறிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் காட்டினார். உள்ளேயிருந்து காற்று முட்டித் தள்ளியது. எஞ்சினுக்குள் சேருகிற காற்று வெளியேற ஒரு குழாயும் அதில் ஒரு சின்ன வால்வும் இருக்கும். கட்டைவிரல் அளவுதான். மாப்பிள்ளை அதைப் பிடுங்கி என் காதருகே ஆட்டினார். நல்ல வால்வு என்றால் கடகடவென்று ஆடும். இது ஊமையாக இருந்தது. உள்ளே கறுப்பு மண்டி அடைத்திருந்தது.

"வண்டிக்கு மூச்சு முட்டுது டீச்சர். காத்து போக வழியில்ல, அதான் எங்க இளிச்சவாய் கிடைச்சுதோ அங்கல்லாம் எண்ணெயைத் துப்புது" என்றார். பத்து நிமிடத்தில் புது வால்வு போட்டுவிட்டார்.

நான் ஐந்து மாதமாக எண்ணெயின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். கோளாறு காற்றில் இருந்தது. காற்றுக்கு வாசனை இல்லை, சார். என் தொழிலில் தன் மூக்கை மட்டும் நம்பிய ஒருவன்தான் இந்தத் தவறைச் செய்திருக்க முடியும். வேறு யாராக இருந்தாலும் முதல் வாரமே அந்த மூடியைத் திறந்திருப்பார்கள்.

டீச்சர் கைதட்டிச் சிரித்தார். "இவ்வளவு பெரிய மூக்கை வெச்சுக்கிட்டு மூச்சை விட்டுட்டீங்களே தம்பி" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு நல்ல மாணவன் கூட்டலில் தப்பு செய்தால் டீச்சர்கள் அப்படித்தான் சீண்டுவார்கள். ஆனால் மறுநாள் நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனபோது கடைக்காரர் அதே வாக்கியத்தை வரி மாறாமல் என்னிடம் சொன்னார். ரேடியோ ஒலிபரப்பிவிட்டது. என் முகத்தில் ஈயாடவில்லை. வாங்க வேண்டிய சாமானை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஒரு மாதம் கழித்து டீச்சர் வெறும் அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு சொட்டு இல்லை. சிவப்பு மையில் 'நூற்றுக்கு நூறு. நன்று.' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை அதை ஸ்பேனர் மாட்டுகிற பலகைக்கு மேலே ஒட்டினார். நான் ஒவ்வொரு தடவை ஸ்பேனர் எடுக்கும்போதும் அது கண்ணுக்கு நேராக இருக்கும். வருகிறவர்கள் படிப்பார்கள், என்ன விஷயம் என்று கேட்பார்கள், மாப்பிள்ளை முதலிலிருந்து ஆரம்பிப்பார். கதை சொல்லும்போது என்னைப் பெரிய மனிதனாகத்தான் சொல்வார். "நம்ம மச்சான் மாதிரி ஒரு ஆளு கிடையாது, அவருக்கே கண்ணுல படல பாருங்க" என்பார். அப்படிச் சொன்னால்தானே அவர் செய்தது பெரிதாகத் தெரியும்? பிறகு போன் வந்தால் "ரேடியோ அண்ணன் இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எடுத்தது நான் என்று தெரிந்தும் அப்படிக் கேட்டார்கள். வயிறு எரிந்தது, சார். மறைக்கவில்லை.

நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வண்டி இன்னும் ஒரே ஒரு தடவை ஒழுக வேண்டும். டீச்சர் அட்டையோடு வரவேண்டும். மாப்பிள்ளை விழிக்க வேண்டும். நான் விரலில் தொட்டு முகர்ந்து, ஒரு நிமிடத்தில், எல்லோர் முன்னாலும் இடத்தைக் காட்ட வேண்டும். அதற்குமேல் எனக்கு ஆசை இல்லை. இதை ஒரு குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு காலை டீச்சர் வந்தார். மாப்பிள்ளை சாமான் வாங்கப் போயிருந்தார்.

"ஓட்டுற பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்க மாட்டேங்குது தம்பி. கண்ணாடியை இறக்கி, வெளிய கையை விட்டுத் திறக்கறேன். சர்க்கஸ் மாதிரி இருக்கு" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது, அரை மணியில் வருகிறேன் என்று போனார்.

நான் கதவைத் தொடவில்லை. பானட்டைத் திறந்தேன். எஞ்சின் பக்கவாட்டில் ஆயில் பிரஷர் சுவிட்ச் என்று ஒன்று திருகியிருக்கும். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் டிரைவருக்குச் சிவப்பு விளக்கு எரிய வைப்பது அதுதான். அதன் பின்னால் எப்போதும் எண்ணெய் அழுத்திக்கொண்டு நிற்கும். டீச்சரின் காரில் அதற்கு ஒரு சாண் கீழே புகை போகிற குழாய். மேட்டில் ஏறும்போது அந்தக் குழாயில் தண்ணீர் தெளித்தால் சொய்யென்று மறைந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

ஸ்பேனரை வைத்து அரைச் சுற்று தளர்த்தினேன். ஒரு சுற்று இல்லை, கவனியுங்கள். ஒரு சுற்று தளர்த்துவது கொலை செய்ய நினைக்கிறவன் வேலை. முக்கால் என்றால் அலட்சியம். அரை என்பது கணக்குப் போட்டுச் செய்தது. நாளைக்கு இரண்டு சொட்டு, மறுநாள் மூன்று சொட்டு, அதற்குள் அவர் வந்துவிடுவார். பானட்டை மூடிக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

டீச்சர் திரும்பி வந்து, "கதவு ஆச்சா?" என்றார்.

"பார்ட் வரணும் டீச்சர். அடுத்த வாரம் வாங்க" என்றேன்.

"அதுவரைக்கும் சர்க்கஸ்தான்" என்று சிரித்துக்கொண்டே போனார். எந்த வண்டியில் யார் என்ன வேலை செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு உண்டு; வேலை எதுவும் செய்யாததால் அன்றைக்கு அதில் எழுதவும் இல்லை. கதவைப் பற்றி உங்கள் அறிக்கையில் ஒரு வார்த்தையும் இல்லை, அதனால் அதைப் பற்றி நாம் அதிகம் பேச வேண்டியதில்லை.

இரண்டு நாள் அவர் வரவில்லை. அந்த இரண்டு நாளும் கேட் பக்கம் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்கு போன் வந்தது.

"தம்பி, நாலு சொட்டு வந்திருக்கு" என்றார் டீச்சர்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஐந்து மாதமாக அந்த அட்டையைப் பார்த்து எரிந்தவன், இந்த நாலு சொட்டுக்குக் குழந்தை பிறந்த சேதி மாதிரி சந்தோஷப்பட்டேன். வண்டியை உடனே கொண்டுவாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது உண்மை.

அதற்குள் அவர், "லேசா புகை வாசனையும் வருது. உங்க மாப்பிள்ளை இருக்காரா? மலைப்பாதையில என் தங்கச்சி வீடு வரைக்கும் போகணும். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கிளம்பறேன்" என்றார்.

மாப்பிள்ளை ஐந்தடி தள்ளி ஒரு வண்டிக்கு அடியில் இருந்தார். விசில் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவர் இல்லீங்க டீச்சர்" என்றேன்.

"அப்படியா. சரி, அப்ப நீங்களே சொல்லுங்க. போகலாமா?"

அப்ப நீங்களே. இருபத்தெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவனிடம், இருக்கிற ஆளை வைத்து ஒப்பேற்றிக்கொள்கிற மாதிரி கேட்டார். அவர் வேண்டுமென்றே அப்படிக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

"தாராளமா போங்க. ஓரத்துல மிச்சமிருந்த பழைய எண்ணெய் காயுது, அவ்வளவுதான். ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்" என்று போனை வைத்தார்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். பத்தரை மணிக்கு, மேட்டில், இரண்டாவது வளைவில். எதிரே வந்த லாரி டிரைவர் கொடுத்த வாக்குமூலத்தை வக்கீலிடம் வாங்கிப் படித்தேன். கண்ணாடி பாதி வரைதான் இறங்கியிருந்தது என்றும், டீச்சர் கையை வெளியே விட்டுக் கைப்பிடியைத் தேடினார் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் ஓடி வருவதற்குள் பெட்ரோல் குழாயும் பிடித்துக்கொண்டது. அந்த ஆள் பார்த்ததைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் நோட்டில் அந்த எஞ்சினில் கடைசியாகச் செய்த வேலைக்கு எதிரே இருந்தது மாப்பிள்ளையின் கையெழுத்து. நீங்கள் அவரைப் பிடித்தீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. வக்கீலை நான்தான் பார்த்துப் பேசினேன். தங்கையை என் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். தினமும் காய்கறி வாங்கிக் கொடுத்தேன். அவள் சாப்பிடாவிட்டால் நானும் சாப்பிடவில்லை என்று பொய் சொல்லிச் சாப்பிட வைத்தேன்.

"அண்ணா, அவரு வேலையில அப்படியெல்லாம் தப்பு பண்ண மாட்டாருண்ணா. உனக்குத் தெரியாதா?" என்று ஒரு நாள் அழுதாள்.

"பேச்சு அதிகமா இருந்தா கவனம் சிதறும்மா. அவர் மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பலகைக்கு மேலே இருந்த அட்டையை எடுத்துவிட்டேன். இறந்துபோனவரின் கையெழுத்தைக் கடையில் தொங்கவிடுவது சரியில்லை என்று தோன்றியது. வாடிக்கையாளர்கள் மறுபடி, "மூக்கு இருக்காரா?" என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "என்ன இருந்தாலும் உங்க அனுபவம் வேறங்க" என்றார். ஒர்க்‌ஷாப்பில் விசில் சத்தம் இல்லை. நாற்பத்தொரு நாள் அப்படிப் போயிற்று. அந்த நாட்களைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

பிறகு அறிக்கை வந்தது. இரண்டாம் பக்கம், மூன்றாவது வரி. 'எஞ்சினின் மேல் மூடியின் பேக்கிங் சரிவரப் பொருத்தப்படாததால் கசிந்த எண்ணெய், சூடான குழாயின் மேல் விழுந்து தீப்பற்றியுள்ளது.' நோட்டைப் புரட்டிப் பார்த்து, பேக்கிங் போட்டது நான் என்று கண்டுபிடித்தீர்கள். முந்தாநாள் மாப்பிள்ளையை விட்டுவிட்டீர்கள்.

ஆமாம் சார், விட்டுவிட்டது எனக்குத் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு தங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் தங்கைதான் போன் செய்தாள். அப்படியானால் தங்கைக்காக வந்தேன் என்று ஏன் சொன்னேன் என்று உங்கள் முகம் கேட்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அண்ணா, நீ மனசைப் போட்டு உழப்பிக்காத. வயசாகுதில்ல, கை முன்ன மாதிரி இருக்குமா? தெரியாம நடந்ததுதானே. கவனக்குறைவுன்னுதான் கேஸ் வருமாம், உள்ள போக வேண்டியிருக்காதுன்னு வக்கீல் சொல்றாரு. உன் மேல எனக்குக் கோபமே இல்லண்ணா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

பின்னாலிருந்து மாப்பிள்ளை போனை வாங்கினார். நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்த மனிதர். "மச்சான், விடுங்க. வால்வு கவர் பேக்கிங்தானே, நானே எத்தனை தடவை சொதப்பியிருக்கேன். நாளைலேர்ந்து நான் கடைக்கு வர்றேன், நீங்க கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார்.

வால்வு கவர் பேக்கிங்தானே என்றார், சார்.

நேற்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. டீச்சர் இறந்த செய்தி வந்த நாளில்கூட எனக்கு அப்படி ஆகவில்லை. என் கூடப் பிறந்தவளே என்னைக் கை நடுங்குகிற கிழவனாக நினைத்து மன்னிக்கிறாள். நாளைக்கு அவள் பிள்ளைகளிடமும், அக்கம்பக்கத்திலும், பாவம், பெரியவருக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்றுதான் சொல்வாள். அதைத் தாங்கிக்கொண்டு என்னால் எப்படி இருக்க முடியும்?

அதனால்தான் வந்தேன். ஆதாரம் இல்லாமல் நம்ப வேண்டாம். உங்கள் கோப்பில் ஏழாவது படத்தை எடுங்கள். எஞ்சின் பக்கவாட்டில் ஒரு துளை வெறுமையாக இருக்கிறது பாருங்கள். அதுதான் சுவிட்ச் இருந்த இடம். நெருப்பில் உருகி விழுந்திருந்தால் திருகு வரிகள் சிதைந்திருக்கும். படத்தில் புதுசு போல இருக்கின்றன, ஏனென்றால் அது வண்டியின் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக் கழன்று விழுந்தது. எஞ்சினுக்கு அடியில் இருக்கிற தகட்டைக் கழற்றித் தேடினால் சுவிட்ச் கிடைக்கும். நெருப்பு அந்தத் துளையிலிருந்து ஆரம்பித்து மேலே போயிருக்கிறது. பேக்கிங் எரிந்தது கடைசியில். உங்கள் நிபுணர் எரிந்த பேக்கிங்கைப் பார்த்தார், அதனால்தான் எரிந்தது என்று எழுதிவிட்டார். அந்தப் பத்து போல்ட்டையும் அவர் சோதித்துப் பார்க்கட்டும். இன்றைக்கும் பத்தும் ஒரே இறுக்கத்தில் இருக்கும்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். டீச்சரைக் கொன்றது நான். சுவிட்சைத் தளர்த்தியது நான், மாப்பிள்ளை கடையில் இல்லை என்று டீச்சரிடம் பொய் சொன்னது நான், போகலாம் என்று அனுப்பியது நான். கதவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பார்ட் அலமாரியில்தான் இருந்தது. எதுவும் தெரியாமல் நடக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். அந்த மூன்றாவது வரியை மட்டும் அடித்துவிட்டு, திருத்திய அறிக்கையின் நகல் ஒன்றை இன்றைக்கே தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், சார். அண்ணன் வேலையில் குறை வைக்கவில்லை என்று தெரிந்தால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும்.